மரினாவில் கட்டிய படகில் ஐந்து மாதம்

நீங்கள் கேட்டிருப்பது இது: கணவன் மனைவி இருவரும் 38 அடிப் பாய்மரப் படகில் இரண்டு வருடமாகப் பயணம் செய்கிறீர்கள், இதுவரை பெரும்பாலும் நங்கூரம் போட்டே தங்கியிருக்கிறீர்கள், இப்போது முதல்முறையாக ஐந்து மாதம் ஒரு மரினாவில், அதாவது கட்டணம் வாங்கிப் படகுகளைக் கட்ட இடம் கொடுக்கும் துறையில், படகைக் கட்டி அதிலேயே குடியிருக்கப் போகிறீர்கள், அது கிட்டத்தட்ட ஒரு சின்ன வீட்டில் இருப்பது மாதிரிதானே, புதிதாகக் கவனிக்க என்ன இருக்கிறது?

வீடு மாதிரி இல்லை. வசதிகள் வரும், அது உண்மைதான். கரண்ட் வரும், குழாய்த் தண்ணீர் வரும், கரையில் நின்று குளிக்க இடம் இருக்கும், டிங்கி என்ற சின்னத் துணைப்படகில் ஏறி இறங்காமல் நேராக நடந்து கரைக்குப் போகலாம். ஆனால் நங்கூரத்தில் கிடக்கும்போது காற்று கொஞ்சம் திரும்பினாலே தூக்கத்தில் எழுந்து பார்ப்பீர்கள் இல்லையா, அந்தக் கவனம் மரினாவில் முதல் வாரத்திலேயே போய்விடும். கடலில் ஆபத்து சத்தம் போட்டுக்கொண்டு வரும். மரினாவில் அது மெதுவாக, கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்யும்: கயிறு தேய்வது, உலோகம் கரைவது, மெத்தைக்கு அடியில் ஈரம் சேர்வது, பிளக் கருகுவது. நான் பார்த்த வரையில் படகுகள் கெட்டுப்போவது பெரும்பாலும் கட்டிக் கிடக்கும்போதுதான்.

கயிற்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். முதலில் நீங்கள் கட்டப்போவது மிதக்கும் மேடையா, அசையாத கான்கிரீட் சுவரா என்று பாருங்கள். மிதக்கும் மேடை என்றால் கடல் ஏறினாலும் வற்றினாலும் மேடையும் படகும் சேர்ந்தே ஏறி இறங்கும், கயிற்றை ஓரளவு இறுக்கமாகவே வைக்கலாம். சுவர் என்றால் ஏற்ற வற்றத்துக்குத் தகுந்த நீளம் விடவேண்டும், இல்லாவிட்டால் நீர் வற்றும்போது படகு கயிற்றில் தொங்கும், கயிறு கட்டும் கொம்பான கிளீட் பிடுங்கிக்கொண்டு வரும். அணியத்தில், அதாவது படகின் முன்முனையில் ஒன்று, பின்புறம் ஒன்று என்று கட்டினால் மட்டும் போதாது, முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் ஸ்பிரிங் கயிறு இரண்டும் கட்டாயம், அதில்தான் படகு நிற்கிறது. கயிறு நைலானாக இருக்கட்டும். நைலான் இழுபட்டு நீளும், அதனால் அலை தூக்கியடிக்கும்போது அந்த வேகத்தைத் தானே வாங்கிக்கொள்ளும். பாய் இழுக்கும் பாலியெஸ்டர் கயிறு அவ்வளவு நீளாது, அலையின் அடியெல்லாம் கிளீட்டுக்கே போகும்.

தேய்மானம்தான் பெரிய விஷயம். கயிறு படகின் விளிம்பைத் தாண்டும் இடத்தில் இரவு பகலாக ஒரே புள்ளியில் உரசிக்கொண்டே இருக்கும். அந்த இடத்தில் பழைய தீயணைப்புக் குழாயையோ தோலையோ சுற்றிக் கட்டுங்கள், அப்புறம் வாரம் ஒருமுறை ஒரு சாண் நீளம் தளர்த்தியோ இழுத்தோ தேயும் புள்ளியை மாற்றிவிடுங்கள். ஒரு முறை ஆறு வாரம் இதை விட்டுவிட்டேன். பார்த்தபோது மூன்று புரியில் ஒரு புரி முழுசாகப் போயிருந்தது, அன்று சாயங்காலமே புயல் எச்சரிக்கை வந்தது, கடையும் மூடியிருந்தது, நங்கூரக் கயிற்றை வெட்டித்தான் கட்டினேன். அதிலிருந்து மாற்றுக் கயிறு ஒரு ஜோடி எப்போதும் கையிருப்பில் இருக்கும்.

மத்தியதரைக் கடல் பக்கம் போல பின்புறத்தைச் சுவருக்குக் காட்டிக் கட்டும் மரினாவாக இருந்தால், அணியத்தைப் பிடிக்க அடியிலிருந்து ஒரு கயிறு வரும். பல மாதம் தண்ணீரில் கிடந்தது, கொட்டலசு என்ற கூரான ஓடுள்ள கடலுயிர் முழுக்க ஒட்டியிருக்கும், வெறுங்கையால் தொட்டால் உள்ளங்கை கிழியும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். காற்று பலமாகும் என்று தெரிந்தால் அந்த முன்கயிற்றை இறுக்கி, பின்புறத்தைச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி நிறுத்தி, இறங்கும் பலகையைத் தூக்கி வைத்துவிடுங்கள்.

அடுத்து கரண்ட். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நங்கூரத்திலேயே இருந்து பழகியவர்களுக்கு 12 வோல்ட் நன்றாகத் தெரியும், கரைக் கரண்ட் தெரியாது. ஐரோப்பாவில் 230 வோல்ட், பெரும்பாலும் 16 ஆம்பியர். அமெரிக்காவில் 120 வோல்ட், சாதாரணமாக 30 ஆம்பியர். இரண்டுமே ஏறத்தாழ 3,600 வாட்தான் கொடுக்கும். ஒரு 2,000 வாட் ஹீட்டர் ஓடும்போது 2,000 வாட் கெட்டிலைப் போட்டால் பிரேக்கர் விழும், விழுவது நல்லதுதான். விழாமல் பல மணி நேரம் எல்லைக்கு ஒட்டியே ஓடுவதுதான் மோசம், ஏனென்றால் உப்புக்காற்றில் பச்சை பூத்த பிளக் முனையில் தடை கூடி, அங்கே சூடு ஏறி, பிளாஸ்டிக் இளகிக் கருகும். ஹீட்டரை ஒரு மணி நேரம் ஓட விட்டு, படகின் பக்கத்துப் பிளக்கை வெளியிலிருந்து கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் அன்றே மாற்றவேண்டும். யாரும் இல்லாதபோது ஹீட்டர் ஓடக் கூடாது. மிச்ச வயரை வட்டமாகச் சுருட்டி வைக்காதீர்கள், சுருளுக்குள் சூடு தங்கும், நீளமாக விரித்துப் போடுங்கள், தண்ணீருக்குள் தொங்க விடவும் வேண்டாம்.

மாட்டும் வரிசையும் முக்கியம். கரைக் கம்பத்தில் பிரேக்கரை அணைத்துவிட்டு, படகின் முனையை முதலில் மாட்டி, பிறகு கம்பத்தில் மாட்டி, கடைசியில் பிரேக்கரைப் போடுங்கள். கழற்றும்போது இதற்கு நேர்மாறு. மேடையும் படகும் தனித்தனியாக ஆடும், நடுவில் வயர் கைநழுவித் தண்ணீரில் விழுந்தாலும் அதில் கரண்ட் இருக்கக் கூடாது, அதற்காகத்தான் இந்த வரிசை. படகுக்குள் 30 மில்லிஆம்பியரில் விழும் கசிவுப் பாதுகாப்பு ஸ்விட்ச் இருக்கிறதா, அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள்.

கரைக் கரண்டில் பலருக்கும் புரியாத இன்னொரு விஷயம் எர்த் வயர். அந்தப் பச்சை வயர் உங்கள் படகின் உலோகங்களைக் கரையோடும், கரை வழியாகப் பக்கத்துப் படகோடும் இணைத்துவிடுகிறது. இரண்டு படகின் வெவ்வேறு உலோகங்களும் ஒரே உப்புத்தண்ணீரில் இருக்கின்றன, நடுவில் ஒரு வயரும் இருக்கிறது, அவ்வளவுதான், ஒரு பேட்டரி உருவாகிவிட்டது. உங்கள் புரொப்பெல்லரைக் காப்பாற்ற வைத்த துத்தநாகத் துண்டு ஊரில் உள்ள புரொப்பெல்லரையெல்லாம் காப்பாற்றிக் கரையும். எங்கள் படகில் ஒரு வருடம் தாங்கும் துண்டு ஒரு மரினாவில் மூன்று மாதத்தில் சுண்டுவிரல் அளவுக்கு வந்துவிட்டது. அது தீர்ந்தபின் அடுத்து கரைவது புரொப்பெல்லரும் அதைச் சுழற்றும் தண்டும். இதற்காக எர்த் வயரை வெட்டிவிடச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள், அந்த வயர் உயிரைக் காப்பது. கால்வானிக் ஐசொலேட்டர் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது, எர்த் வயருக்கு நடுவில் உட்கார்ந்து, ஒரு வோல்ட் அளவிலான அந்தச் சின்னக் கரண்டைத் தடுத்துவிட்டு, உண்மையான கசிவு வந்தால் விட்டுவிடும். மரினாவில் மாதக்கணக்கில் கிடக்கும் படகுக்கு அதைவிடப் பயனுள்ள பொருளை நான் பார்க்கவில்லை. துண்டு பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள். கடலில் துத்தநாகம் அல்லது அலுமினியம், நன்னீர் என்றால் மக்னீசியம்.

இதை ஒட்டியே இன்னொன்று: மரினாவுக்குள் நீந்தாதீர்கள், குழந்தைகளை இறங்க விடாதீர்கள். ஏதோ ஒரு படகின் வயர் கசிந்தால் மின்சாரம் தண்ணீரில் பரவும். நன்னீரில் இது மிகக் கொடியது, தண்ணீரைவிட மனித உடம்பு நன்றாக மின்சாரத்தைக் கடத்துவதால் அது உடம்பு வழியாகவே போகும், தசை செயலிழந்து நீந்தத் தெரிந்தவரே மூழ்குவார். உப்புநீரில் ஆபத்து குறைவு, இருந்தாலும் இறங்காமல் இருப்பதே வழி. யாராவது தத்தளித்தால் பின்னால் குதிக்காமல் முதலில் கரண்டை அணைத்து, மிதவையை எறியுங்கள்.

பேட்டரிகள் சார்ஜரில் சும்மா கிடக்கும். ஈய பேட்டரி என்றால் அது நல்லதே, திறக்கக்கூடிய வகையாக இருந்தால் தண்ணீர் மட்டம் மட்டும் பாருங்கள். லித்தியம் என்றால் மாதக்கணக்கில் நூறு சதவீதத்திலேயே வைத்திருக்காமல் பாதிக்கு மேல் கொஞ்சம் வைத்திருப்பது நல்லது. எங்கள் வழக்கம் ஒன்று சொல்கிறேன்: வாரத்தில் ஒரு நாள் கரை பிளக்கைப் பிடுங்கிவிட்டு முழு நாளும் சொந்த பேட்டரியிலும் சோலாரிலும் வாழ்வோம். ஃபிரிட்ஜ், விளக்கு, பம்ப் எல்லாம் அதில்தான். பேட்டரி ஒன்று செத்துக்கொண்டிருந்தது ஒரு தடவை அப்படித்தான் தெரியவந்தது, சாயங்காலமே 12.0 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது. பிளக் மாட்டியே இருந்திருந்தால் புறப்பட்ட முதல் இரவில் நடுக்கடலில்தான் தெரிந்திருக்கும்.

தண்ணீர் விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை, ஆனால் அது பெரியது. கரைக் குழாயை நேரடியாகப் படகின் பைப்பில் இணைத்து அழுத்தத்தோடு விட்டுவைக்கும் வசதி சில படகுகளில் உண்டு. அதைப் பயன்படுத்தாதீர்கள். உள்ளே ஒரு கிளிப் கழன்றால் படகு மூழ்கும் வரை தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், நீங்கள் கடைக்குப் போயிருப்பீர்கள். எங்களுக்கு இரண்டு படகு தள்ளி அப்படி நடந்தது, பில்ஜ் என்ற படகின் அடிக்குழியில் சேரும் நீரை வெளியேற்றும் பம்பிலிருந்து இடைவிடாமல் தண்ணீர் வெளியே கொட்டுவதை ஒருவர் கவனித்ததால்தான் தப்பியது, அதற்குள் தரைப் பலகையெல்லாம் மிதந்துவிட்டது. டாங்கை நிரப்புங்கள், குழாயை மூடுங்கள், உங்கள் பம்ப் வழியாகவே எடுத்துப் பயன்படுத்துங்கள். டாங்க் தண்ணீர்தான் உள்ளே வரமுடியும் என்ற எல்லை இருக்கட்டும். கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி வைத்திருந்தால் மரினாவில் ஓட்டவேண்டாம், மிதக்கும் எண்ணெய் அதன் சவ்வைக் கெடுத்துவிடும். கரைத் தண்ணீரால் அலசுவதானாலும் கார்பன் ஃபில்டர் வழியாக, ஏனென்றால் குளோரினும் அந்தச் சவ்வுக்கு ஆகாது. ஐந்து மாதம் என்றால் காப்புத் திரவம் ஏற்றி மூடி வைப்பதே மேல்.

கழிவறைக்குக் கரையைப் பயன்படுத்துங்கள், இரவுக்கு மட்டும் படகில். மரினாவுக்குள் வெளியே விடக் கூடாது, கழிவு டாங்கில் சேர்த்து உறிஞ்சி எடுக்கும் இடத்தில் கொடுக்கவேண்டும். பலரும் கழிவு நாற்றம் என்று நினைப்பது பெரும்பாலும் குழாயில் தேங்கிய கடல்நீரில் நுண்ணுயிர்கள் செத்து அழுகும் நாற்றம். சில நாள் பயன்படுத்தாமல் விடும்போது நன்னீர் ஊற்றிப் பம்ப் அடித்துவிட்டால் பாதி போய்விடும்.

காற்றோட்டம் நீங்கள் எதிர்பார்க்காத இடத்தில் கஷ்டம் கொடுக்கும். நங்கூரத்தில் படகு தானாகவே காற்றை நோக்கித் திரும்பும், மேல்தளத்துத் திறப்பான முன் ஹேட்சைத் திறந்தால் காற்று உள்ளே கொட்டும். மரினாவில் படகு திரும்பாது. காற்று பக்கவாட்டில் வரும், அல்லது பின்னாலிருந்து, அல்லது பக்கத்துப் பெரிய படகு மறைத்து வராமலேயே போகும். வெயில் காலத்தில் மேலே முழு நீளத்துக்குத் துணிப் பந்தல் போட்டு, ஹேட்சில் காற்று அள்ளும் துணியை எந்தப் பக்கமும் திருப்பக்கூடியதாக வையுங்கள். இடம் கொடுக்கும்போதே எந்தப் பக்கம் காற்று வீசும் என்று கேட்டு, அணியம் அதை நோக்கி இருக்கும்படி வாங்க முடிந்தால் ஐந்து மாதமும் சுகம்.

குளிர்காலம் என்றால் கதை வேறு, அப்போது எதிரி ஈரம். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வரும், அதோடு இரண்டு பேர் மூச்சு, சமையல் ஆவி, காயாத துணி. எல்லாம் குளிர்ந்த சுவரில் பட்டு நீராக வழியும், முக்கியமாக மெத்தைக்கு அடியில், ஏனென்றால் உடம்புச் சூடும் வியர்வையும் கீழே இறங்கிக் குளிர்ந்த பலகையில் தங்கும். ஒரு மாதம் கழித்து மெத்தையைப் புரட்டினால் கரும்பூஞ்சை. மெத்தைக்குக் கீழே பலகைச் சட்டங்கள் போட்டு இடைவெளி கொடுங்கள், அலமாரிக் கதவுகளைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள், ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்று வாங்கி அதன் தண்ணீர் நேராக சிங்க்கில் போகும்படி வையுங்கள். கரண்ட் இருப்பதால் மின் அடுப்பில் சமைக்கலாம், ஆவி குறையும், கேஸ் கசிந்து பில்ஜில் தங்கும் பயமும் இல்லை. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கீழே இறங்கித்தான் தங்கும், படகு அதற்கு ஒரு கிண்ணம் மாதிரி. சிலிண்டரை மூடியே வையுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் தூங்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும், உங்கள் படகில் எதுவும் எரியாவிட்டாலும் பக்கத்துப் படகின் எஞ்சின் புகை உள்ளே வரலாம்.

சத்தங்கள். முதல் இரவு படுத்ததும் அடியிலிருந்து சுள்ளி எரிவது போல படபடவென வெடிக்கும் சத்தம் கேட்டால் பயப்படாதீர்கள், படகின் உடம்பு விரிசல் விடவில்லை. வெதுவெதுப்பான கடலில் ஒரு வகை இறால் தன் கொடுக்கைச் சொடுக்கும் சத்தம் அது. நாங்கள் முதல்முறை கேட்டபோது டார்ச் எடுத்துக்கொண்டு பில்ஜைத் திறந்து பார்த்தோம். ஆனால் பாய் ஏற்றும் கயிறு பாய்மரத்தில் மோதி இரவெல்லாம் டங் டங் என்று அடிப்பது உங்கள் பொறுப்பு. இழுத்து ஒதுக்கிக் கட்டுங்கள். பாய்மரம் ஒரு அலுமினியக் குழாய், அதில் அந்தச் சத்தம் இருபது படகுக்குக் கேட்கும், உங்களுக்குக் கேட்காமலும் இருக்கலாம்.

அண்டை அயல்தான் மரினா வாழ்வில் எனக்குப் பிடித்தது. யாராவது படகை உள்ளே கொண்டுவருவதைப் பார்த்தால் எழுந்து போய் அவர்கள் நீட்டும் கயிற்றை வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கியதும் இழுத்துவிடாதீர்கள், அதுதான் எல்லோரும் செய்யும் தவறு: முன்கயிற்றை அவசரமாக இழுத்தால் அணியம் மேடையில் மோதி, பின்புறம் வெளியே ஓடிவிடும். ஓட்டுபவர் எந்தக் கிளீட் என்று சொல்கிறாரோ அதில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். யார் படகிலும் கூப்பிடாமல் கால் வைக்கக் கூடாது, வெளியே நின்று தட்டிக் குரல் கொடுங்கள். அப்புறம் ஒரு உதிரிபாகமோ, எஞ்சின் சந்தேகமோ, அடுத்த துறைமுகத்தின் நிலவரமோ எதுவானாலும் ஐம்பது அடிக்குள் யாருக்காவது தெரிந்திருக்கும். இரண்டு வருடம் நீங்கள் இருவர் மட்டுமே பேசிக்கொண்டு வந்திருக்கிறீர்கள், தினமும் மூன்று பேரோடு பேசுவது எவ்வளவு தேவைப்பட்டது என்பது ஒரு வாரத்தில் தெரியும்.

எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள்: வந்த முதல் நாளே மேடையில் ஏணி எங்கே இருக்கிறது என்று நடந்து பாருங்கள். புயலைவிட எனக்கு அதிகம் பயம் படகுக்கும் மேடைக்கும் நடுவில் விழுவதுதான். ராத்திரி, ஈரப் பலகை, இரண்டு கையிலும் பை, எப்போதும் ஏறுகிற இடம்தானே என்ற நினைப்பு. நீரிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருக்கும் மேடையில், குளிர்ந்த தண்ணீரில் நனைந்த துணியோடு, கையால் ஊன்றி ஏற முடியாது, எவ்வளவு பலசாலியாக இருந்தாலும். படகின் சொந்த ஏணியைத் தண்ணீரிலிருந்தே இழுத்து இறக்கும்படி ஒரு கயிறு கட்டித் தொங்க விடுங்கள். பைகளை முதலில் மேலே வைத்துவிட்டு, வெறுங்கையோடு ஏறுங்கள். ஒருவர் வெளியூர் போனால் மற்றவர் இரவில் ஏறி இறங்கும்போது லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொள்ளுங்கள், யார் என்ன நினைத்தாலும் சரி.

பணம் பற்றிச் சுருக்கமாக: கட்டணம் நீளத்துக்குத்தான், அணியத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நங்கூரமும் பின்னால் தொங்கும் டிங்கியும் சேர்த்து அளப்பவர்கள் உண்டு, முன்கூட்டியே கேளுங்கள். மாதக் கணக்கு நாள் கணக்கைவிட மலிவு. படகில் குடியிருக்க அனுமதி உண்டா, கரண்ட்டும் தண்ணீரும் சேர்த்தா தனியா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

கடைசியாக, புறப்படுவது. ஓடாத படகில் பாசியும் கொட்டலசும் ஓடும் படகைவிட வேகமாக வளரும், வெப்பமான தண்ணீரில் இரண்டு மாதத்தில் புரொப்பெல்லர் ஒரு கரடுமுரடான உருண்டை ஆகிவிடும், எஞ்சினுக்கு நீர் எடுக்கும் துவாரம் உள்ளிருந்தே அடைபடும். அதனால் மாதம் ஒருமுறையாவது கயிற்றை அவிழ்த்து வெளியே போங்கள். கட்டிய இடத்திலேயே எஞ்சினைச் சும்மா ஓட விடுவது பலன் தராது, டீசல் எஞ்சின் சுமை ஏறிச் சூடாகவேண்டும், இல்லாவிட்டால் கரி படியும். அரை மணி நேரம் நல்ல வேகத்தில் ஓட்டி, பாய்களை ஏற்றி, கடல்நீர்க் குழாய்களை அடைக்கும் வால்வான சீகாக் எல்லாவற்றையும் ஒருமுறை மூடித் திறந்து பாருங்கள். ஐந்தாம் மாதம் முடிந்து நிஜமாகவே கிளம்பும்போது நேராக நீண்ட பயணத்தில் இறங்காமல், சில மைல் தள்ளி ஒரு அமைதியான வளைகுடாவில் இரண்டு இரவு நங்கூரம் போட்டுத் தங்குங்கள். ஏதாவது கசிந்தால், எரியாமல் போனால், மறந்திருந்தால், திரும்பி வந்து சரிசெய்யும் தூரத்தில் அது தெரியட்டும்.